உதாரண வாக்கியத்தில் ஒரு நன்றி

அந்த ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. யார் எந்த எழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறாரோ அதுவே அவர் பெயர். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் எஸ் அண்ணன். ஆங்கிலத்தின் எஸ் எழுத்துக்குள் பன்னிரண்டு வருடத்துக்கு முன் போனவர், இன்னும் வெளியே வரவில்லை. எக்ஸ் எழுத்தைப் பார்த்தவர் இரண்டே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். அவரைப் பற்றி இன்றைக்கும் பெருமூச்சோடு பேசிக்கொள்வார்கள். தலைமைப் பதிப்பாசிரியருக்கு மட்டும் எழுத்து கிடையாது. அவர் ஒன்பது வருடமாக அகராதிக்கு முன்னுரை எழுதிக்கொண்டிருந்தார். எனவே நேரில் ஐயா, முதுகுக்குப் பின்னால் முன்னுரை.

கே எழுத்து கே அக்காவுடையது. அதிலும் 'கீப்' என்ற ஒரு வினைச்சொல்லில் அவள் ஏழு மாதமாகக் கிடந்தாள். அலுவலக வழக்கப்படி அவளை அந்தச் சொல்லாலேயே கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் தமிழில் ஒரு பெண்ணைக் 'கீப்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியுமாதலால் யாருக்கும் துணிவு வரவில்லை. எழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஏ முதல் கே வரை முதல் தொகுதி. அச்சகத்தில் காகிதம் வந்து இறங்கிவிட்டது. அதிலுள்ள மற்ற எழுத்துகளெல்லாம் முடிந்து, இந்த ஒரு சொல்லுக்காகத் தொகுதி மொத்தமும் வாசலில் நின்றது. பழைய பதிப்பில் அந்தச் சொல்லுக்கு 'பேணுதல், பரிபாலித்தல், ஓம்புதல்' என்று மூன்று அர்த்தம் இருந்தது. கே அக்கா சேகரித்திருந்த சீட்டுகளிலோ நாய் வளர்ப்பதும் அதே சொல், கடை நடத்துவதும் அதே சொல், வாயை மூடிக்கொண்டிருப்பதும் அதே சொல், பேச்சை நிறுத்தாமல் இருப்பதும் அதே சொல். நாயைப் பரிபாலிக்கலாம், போகட்டும். வாயை எப்படிப் பரிபாலிப்பது?

வீட்டில் அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருக்கு இது தீராத வேடிக்கை.

“ஏழு மாசத்துல ஒரே ஒரு சொல்லா? ஏம்மா, இந்த ஏழு மாசத்துல நான் நாப்பது பேரை ரிவர்ஸ் எடுக்க வச்சிருக்கேன்.”

“அதுல எத்தனை பேர் சுவத்துல இடிச்சாங்க?”

“இடிச்சாலும் வண்டி நகர்ந்துச்சுல்ல?”

வண்டி நகராததுதான் அவள் கவலையும். ஐயா வேறு அவளைக் கூப்பிட்டு, “வெள்ளிக்கிழமை அந்திக்குள் தாங்கள் நிறைவு செய்யாவிடில், அச்சொல்லை யாமே ஒரு மணிப்பொழுதில் யாத்தளிப்போம்” என்று எச்சரித்திருந்தார். ஐயா டீ கேட்பதும் இதே நடையில்தான். யாத்தளிப்போம் என்றால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். நாய், கடை, வாய் எல்லாம் பரிபாலனத்துக்குள் போய்விடும். அதன் கீழே, தொகுத்தவர் என்று அவள் எழுத்து நிற்கும்.

அவளைக் காப்பாற்றியது ஒரு அட்டைத் துண்டு.

வாசகர்கள் தங்கள் கண்ணில் படும் ஆங்கிலச் சொற்களைச் சீட்டில் எழுதி அனுப்பலாம் என்று அலுவலகம் எப்போதோ பத்திரிகையில் ஒரு அறிவிப்புக் கொடுத்திருந்தது. அறிவிப்பை அலுவலகமே மறந்துவிட்டது. மறக்காதவர் ஒருவர்தான். மூன்று வருடமாக வாரம் தவறாமல் அவரிடமிருந்து தபால் வரும். சீட்டு இல்லை, பெட்டிகளிலிருந்து கிழித்த அட்டை. ஒரு பக்கம் பெட்டியின் அச்செழுத்து, மறுபக்கம் நீல மையில் முத்து முத்தான கையெழுத்து. அனுப்பியவர் பெயர் இருக்காது, விலாசம் இருக்காது. கீழே 'கிடங்கு' என்று ஒரு சொல், அவ்வளவுதான். ஊரில் கிடங்குகள் நாற்பதாவது இருக்கும். அட்டைகள் தடியாக இருந்ததால் சீட்டுப் பெட்டியின் இழுப்பறையில் நுழையவில்லை. ஐயா அவற்றைக் குப்பை என்றார். கே அக்கா மட்டும் அவற்றைத் தன் மேசைக்கடியில் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாள். படித்தாளா என்றால், இல்லை. தூக்கி எறிய மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை, வேறு வழியில்லாமல், டின்னைத் திறந்தாள்.

கிடங்குக்கு வரும் பெட்டிகளில் ஆங்கிலம் அதிகம் பேசாது. பேசினால் பாதி நேரம் 'கீப்' என்றுதான் ஆரம்பிக்கும். முதல் அட்டையில் 'கீப் டிரை' என்று அச்சிட்டு, குடை படம் போட்டிருந்தது. மறுபக்கம் அவர் எழுதியிருந்தார்:

'உங்கள் பழைய அகராதிப்படி இதற்கு உலர்நிலையில் பேணுக என்று வருகிறது. அப்படிச் சொன்னால் எங்கள் ஆட்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். நாங்கள் சொல்வது: நனைய விடாதே.'

அடுத்தது, உறைந்த மீன் வந்த பெட்டி: உருக விடாதே. அடுத்தது, கண்ணாடிச் சாமான்: சாய விடாதே. மருந்துப் பெட்டி: பிள்ளைகள் கைக்கு எட்ட விடாதே. ஒரு தடித்த பழுப்பு அட்டையில் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருந்தது.

'எனக்கு ஒன்று தோன்றுகிறது. தவறாக இருந்தால் மன்னிக்கவும். இந்தச் சொல் எங்கே வந்தாலும் அதற்குள் ஒரு விடாதே இருக்கிறது. போய்க்கொண்டே இரு என்றால் விடாமல் போ. சொன்ன சொல்லைக் காப்பாற்று என்றால் கைவிடாதே. மிச்சப் பணத்தை நீயே வைத்துக்கொள் என்றால் திருப்பித் தர வேண்டாம், விட வேண்டாம். ஆங்கிலக்காரர் பிடித்துக்கொள் என்கிறார். நாம் விடாதே என்கிறோம். பிடி ஒன்றுதான்.'

கே அக்கா அதை மூன்று தரம் படித்தாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். எஸ் அண்ணனிடம் அட்டையை நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.

“யாரும்மா இது? நம்ம ஆராய்ச்சிக் குழு ஏழு பேர் மலைக்கு மேல ரூம் போட்டு யோசிச்சாங்களே, அவங்க அறிக்கையில இதுல ஒரு வரிகூட இல்லையே.”

“கிடங்கு அண்ணே.”

“கிடங்குன்னா?”

“கிடங்குதான். வேற ஒண்ணும் எழுத மாட்டேங்கிறார்.”

“பின்னாடி ஓரத்துல பொடியா ஏதோ இருக்கு பாரு.”

இருந்தது. மை தீர்ந்துபோய்ப் பென்சிலால் எழுதியது: 'வீட்டில் சிரிக்கிறார்கள். அதனால் பதில் போட வேண்டாம். ஒன்றாவது பயன்பட்டால் அகராதியில் தெரியும். அதில் பார்த்துக்கொள்வேன்.'

அன்று மாலையும் மறுநாள் முழுவதும் கே அக்கா எழுதினாள். முதலில் 'விடாமல் வைத்திருத்தல்' என்று ஒரு வேர். அதிலிருந்து நனைய விடாமல், போக விடாமல், நிறுத்தி விடாமல் என்று கிளைகள். நாயும் கடையும் வாயும் தத்தம் கிளையில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டன. ஏழு மாதம் நகராத வண்டி இரண்டு நாளில் வாசலைத் தாண்டியது. வெள்ளிக்கிழமை மதியம் ஐயாவின் மேசையில் வைத்தாள்.

ஐயா முதல் பத்தியைப் படித்தார். கண்ணை மூடினார். திறந்தபோது அந்தக் கருத்து அவருடையதாகிவிட்டிருந்தது. சாயங்காலமே முன்னுரையில் ஒரு புதுப் பக்கம் முளைத்தது: 'யாம் பன்னாள் உறக்கமின்றி ஆழ்ந்து சிந்தித்ததன் பயனாய், இவ்வினையின் உயிர்ப்பொருள் விடாமையே எனத் துணிந்தனம்.' ஐயா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் விடும் குறட்டையை அறிந்தவர்கள் அந்த 'உறக்கமின்றி'யை இரண்டாம் முறை படித்துப் பார்த்தார்கள்.

கே அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. கருத்தை யார் வேண்டுமானாலும் சட்டையில் குத்திக்கொள்ளட்டும். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. எங்கோ ஒரு வீட்டில் சிரிக்கிறார்கள். அந்த வீட்டுக்குப் போய்ச் சேருகிற மாதிரி அச்சில் ஒரு வரி வேண்டும். விலாசம் இல்லாத மனுஷனுக்கு நன்றி சொல்ல அகராதியை விட்டால் வேறு தபால்பெட்டி கிடையாது.

“ஐயா, முன்னுரையில ஒரு வரி சேர்க்கணும்.”

“முன்னுரையிலா?” ஐயா, துடைத்த தரையில் சேற்றுக் காலோடு வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“அட்டை அனுப்புறாரே, அவருக்கு ஒரு நன்றி.”

“அன்னார் பெயர்?”

“தெரியாதுங்க ஐயா.”

“பட்டம்?”

“அதுவும் தெரியாது.”

“பதவி?”

“கிடங்கு.”

“கிடங்கு என்பது ஒரு பதவியா, அம்மையே? நன்றி என்பது கீழ்நோக்கிப் பாயும் நீரன்று. மேல்நோக்கி எழும் சுடர். அதற்கென ஒரு தராதரம் உண்டு.”

சுடர் எங்கெல்லாம் எழுந்திருந்தது என்று அவளுக்குத் தெரியும். முன்னுரையின் நன்றிப் பகுதி மட்டும் நாலு பக்கம். இந்நாள் துணைவேந்தர், முன்னாள் துணைவேந்தர், வரப்போகிறவர் என்று பேசப்படும் துணைவேந்தர், அலுவலகத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்த சங்கம், ஐயாவின் முழங்காலைப் பார்த்த மருத்துவர். கடைசியில், 'அயராது எம்மோடு உழைத்த எம் வலக்கை.'

வெளியே வந்து எஸ் அண்ணனிடம் சொன்னாள்.

“சொந்தக் கைக்கு நன்றி சொல்றவர்கிட்ட போய் அடுத்தவன் கைக்குக் கேட்டியா நீ?” என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏம்மா, ஐயா என்னிக்காவது முன்னுரையைத் தாண்டிப் படிச்சு நீ பார்த்திருக்கியா?”

இல்லை. முதல் பத்தி வரை வருவார், பெரிய சொற்களுக்கு. அகராதியில் ஒவ்வொரு அர்த்தத்துக்கும் கீழே பொடி எழுத்தில் வரும் உதாரண வாக்கியங்களை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. 'பொடியெழுத்து பொடியர்க்கு' என்பார்.

கே அக்கா தன் மேசைக்குப் போனாள். 'கீப்' சொல்லின் உதாரண வாக்கியங்களை எடுத்தாள். அரசன் வாக்கைக் காப்பாற்றினான், சிறுமி பொம்மையைப் பத்திரமாக வைத்தாள் போன்ற ஆறு வாக்கியங்களை அடித்தாள். புதிதாக ஆறு எழுதினாள். வாழ்க்கையில் அவள் எழுதிய ஒரே கடிதம் அது என்று சொல்லலாம். ஆறு வரியையும் ஆறு அர்த்தத்துக்குக் கீழே பிரித்து வைத்தாள், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஒன்று, பக்கத்தில் தமிழ். மெய்ப்புப் பார்த்த எஸ் அண்ணன் ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெளியீட்டு விழாவுக்கு நகராட்சி மண்டபம். மேடையில் மூன்று துணைவேந்தர்களும் சுடர்விட்டார்கள். ஐயா ஐம்பது நிமிடம் பேசினார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. விடாமை அவர் கண்டுபிடிப்பல்லவா, விடவில்லை.

“அவையோரே, யாம் கண்ட உயிர்ப்பொருளுக்குச் சான்றாக, யாமே யாத்த எடுத்துக்காட்டுகள் சிலவற்றை யாமே வாசிக்கக் கேண்மின்!” என்று தொகுதியைப் புரட்டினார்.

“போச்சு” என்றார் எஸ் அண்ணன். கே அக்கா நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“ஒன்று. கிடங்கு எழுத்தர் ஒருவர் மூன்று ஆண்டுகள் எங்களுக்கு விடாமல் அட்டைகள் அனுப்பினார்.” ஐயாவின் குரல் கணீரென்றிருந்தது. “இரண்டு. அவர் எங்களைத் தவறான வழியில் போக விடவில்லை. மூன்று. அவர் அனுப்பியதில் ஒன்றைக்கூட நாங்கள் தொலைத்து விடவில்லை. நான்கு. இதை எழுதியவரை அவர் சோர்ந்து விடாமல் தாங்கினார். ஐந்து. அவர் வீட்டார் இந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். ஆறு. முன்னுரையில் இடம் கிடைக்காவிட்டாலும் நாங்கள் அவரை மறந்து…”

அங்கே நின்றார். வாய் திறந்தபடி இருந்தது, ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும் கேட்டது.

“விடவில்லை” என்று கடைசி வரிசையிலிருந்து யாரோ முடித்துவைத்தார்கள்.

மண்டபமெங்கும் கைதட்டல். சுடர்களே எழுந்து நின்று தட்டினார்கள். எவ்வளவு பெரிய அறிஞர், முகம் தெரியாத ஒரு கிடங்கு எழுத்தருக்கு அகராதிக்குள்ளேயே நன்றி சொல்லியிருக்கிறார் பாருங்கள் என்று ஒரு துணைவேந்தர் அவரைக் கட்டிப் பிடித்தார். ஐயாவுக்கு நிலைமை புரிய இரண்டு கைதட்டல் நேரம் ஆயிற்று. புரிந்ததும் கைகூப்பி, “எளியோரை ஏற்றுவதே எம் இயல்பு” என்றார். மறுநாள் பத்திரிகையில் அது தலைப்பாக வந்தது. ஆக, கே அக்காவை வேலையை விட்டு அனுப்பவும் வழியில்லாமல் போயிற்று. வராந்தாவில் எதிர்ப்படும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தார்; அது அவளுக்கு வசதியாகவே இருந்தது.

ஆனால் அந்த வாரம் அட்டை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தது, வேறொரு கையெழுத்தில். எழுத்துகள் ஒவ்வொன்றும் சண்டைக்கு நின்றன.

'உங்கள் புத்தகத்தில் பிழை இருக்கிறது. எங்கள் வீட்டில் நிம்மதி போய்விட்டது. நேரில் வரவும்.' கீழே, முதல்முறையாக, முழு விலாசம்.

கே அக்கா விடுப்புத் தாளில் 'சொந்த வேலை' என்று எழுதி நீட்டிவிட்டுக் கிளம்பினாள். மூன்றாம் மாடியில் கடைசி வீடு. கதவைத் திறந்த அம்மாள் இவளை மேலும் கீழும் பார்த்தார்.

“அகராதியா?”

“ஆமாங்க.”

“உள்ள வாங்க. ஏங்க, அகராதி வந்திருக்கு!”

உள்ளே ஒரு கட்டில், ஒரு தையல் மெஷின், மேஜைமேல் புது மணம் மாறாத முதல் தொகுதி. அதற்கு உறை தைத்துப் போட்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்திருந்து எழுந்தவர் தோள்பட்டை அகன்ற, வெட்கப்படுகிற மனிதர். உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. கே அக்கா அந்தக் கையைப் பார்த்தாள்.

“நீங்க எழுத்தர் இல்லையா?”

“இல்லம்மா. நான் எடை போடுறவன். பெட்டியைத் தூக்கித் தராசுல வைக்கிறது, இறக்குறது.”

“எழுத்தர் மேல ஆஃபீஸ் ரூம்ல ஃபேனுக்கடியில உக்காந்திருக்கார்” என்றார் அவர் மனைவி. “அவருக்குப் பெட்டி மேல என்ன எழுதியிருக்குன்னு இவர்தான் படிச்சுச் சொல்லணும். இப்ப அந்த ஆளு பேப்பர்ல வந்ததை வெட்டிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுச் சுத்துறான். அகராதியில வந்திருக்கிறது நான்தான்னு ஊரெல்லாம் சொல்றான். முதலாளி அவனுக்கு மாலை போட்டுட்டார்! இவரும் பக்கத்துல நின்னு கை தட்டிட்டு வர்றார். வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பா வரும்?”

“விடு. அவங்க வேணும்னேவா செஞ்சாங்க?” என்றார் அவர்.

வேண்டுமென்று செய்யவில்லைதான். இவ்வளவு அழகாக எழுதுகிறவர் எழுத்தராகத்தான் இருக்க வேண்டும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். 'கிடங்கு ஒரு பதவியா' என்று கேட்டவரைப் பார்த்து மனதுக்குள் அவ்வளவு சிரித்தவள், தானே இவருக்கு ஒரு பதவியை மாட்டிவிட்டிருக்கிறாள். அவள் காது சூடாகிவிட்டது.

“தப்பு என்னோடதுதாங்க” என்றாள். “உங்களுக்கு நன்றி சொல்லத்தான் அவ்வளவு பாடுபட்டேன். அதைக் கொண்டுபோய் வேற ஆள்கிட்ட கொடுத்துட்டேன்.”

“அட, வந்து சேர்ந்துச்சும்மா” என்றார் அவர். “அஞ்சாவது வாக்கியத்தை இவ படிச்சா. அன்னிக்கு ராத்திரி சாப்பாடு போடறப்போ ஒண்ணும் பேசல. இருபத்தாறு வருஷத்துல முதல் தடவை. எனக்கு அது போதும்.”

“இவருக்குப் போதும். எனக்குப் போதாது” என்றார் மனைவி. “நான் சிரிச்சவ. ஒத்துக்கிறேன். மூணு வருஷம் அட்டை அட்டைன்னு கேலி பண்ணினேன். இப்ப நான் நாலு பேர்கிட்ட இவரைப் பத்திப் பெருமையாச் சொல்லலாம்னு வாயைத் திறந்தா, அந்த எழுத்தர் முந்திக்கிறான். எப்ப திருத்துவீங்க?”

“அடுத்த பதிப்புல.”

“அது எப்ப?”

கே அக்கா எஸ் அண்ணனை நினைத்துக்கொண்டாள். “ஒரு… பதினஞ்சு வருஷம்.”

அம்மாள் உள்ளே போய் ஒரு பேனாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

அலுவலகத்தில் திருத்தம் எதுவானாலும் ஐயா கையெழுத்தில்லாமல் செல்லாது. கே அக்கா பதினாறு வருடத்தில் ஒரு பக்கத்தில்கூடத் தன் முழுக் கையெழுத்தைப் போட்டதில்லை. பேனாவை எடுத்தாள். 'எழுத்தர்' என்பதை நேர்க்கோடாக அடித்தாள். மேலே 'எடை போடுபவர்' என்று எழுதினாள். அவரிடம் பெயரைக் கேட்டு அதைப் பக்க ஓரத்தில் எழுதி, 'இச்சொல்லின் பொருளை எங்களுக்குச் சொன்னவர் இவர். பிழை அகராதியுடையது' என்று சேர்த்து, தேதி போட்டு, தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்திட்டாள்.

அவர் எட்டிப் பார்த்தார். உதடு அசையத் தன் பெயரை ஒருமுறை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நான் உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்” என்றாள் கே அக்கா. “அந்த அட்டை வர்ற வரைக்கும் நான் இந்த வேலைக்கு லாயக்கில்லைன்னு நினைச்சிட்டிருந்தேன்.”

“எனக்கும் பெட்டி தூக்குறதுக்கு நடுவுல அதுதாம்மா பொழுது” என்றார் அவர். “எல் எழுத்து யார்கிட்ட இருக்கு? ‘லிஃப்ட்’டுக்கு என்கிட்ட நிறைய இருக்கு.”

“அப்புறம் பேசிக்கலாம்” என்றார் அவர் மனைவி. காலில் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். “கிடங்குல மத்தியானச் சாப்பாட்டு நேரம். எல்லாரும் தராசுக்குப் பக்கத்துலதான் இருப்பாங்க. அந்த ஆளும் இருப்பான்.” புத்தகத்தை எடுக்கக் கை நீட்டியவர், அது மூடிக்கொள்ளப் போவதைப் பார்த்துப் பதறினார்.

“ஐயோ, பிடிங்க, பிடிங்க. மை இன்னும் காயல!”

விரித்த பக்கத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் மாடிப்படியில் இறங்கினார்கள்.